அம்மா வாயில் முறுக்கு

எங்கள் அம்மா சுகன்யாவிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. பஸ் ஸ்டாண்டாவது மத்தியானத்தில் கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும். அப்பா ஒருமுறை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பழைய பைக் ஒன்றை வாங்கினார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பெரியப்பா வாசலில் நின்று, "எவ்வளவுக்குடா முடிச்ச?" என்கிறார்.

அம்மாவுக்கு இருபது வருடமாக முட்டை குடோனில் வேலை. இருட்டறையில் விளக்குக்கு முன்னால் முட்டையைப் பிடித்து, விரிசல் இருக்கிறதா, ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். பழகிப்போன கை. டம்ளரோ, எண்ணெய் பாக்கெட்டோ, கல்யாணப் பத்திரிகையோ, எது கிடைத்தாலும் தானாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிவிடும்.

எனக்கோ உயிர் போகிற ரகசியம் ஒன்று இருந்தது. கால்நடை மருத்துவம் முடித்த என்னைப் பக்கத்துக் கோழிப்பண்ணையில் உட்காரவைக்க அப்பா பேசி வைத்திருந்தார். நான் சொல்லாமல் கொள்ளாமல் அஸ்ஸாமில் யானைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்துக்கு மனுப் போட்டேன்; ஆர்டரும் வந்துவிட்டது. இருபதாம் தேதி அங்கே இருக்க வேண்டும். அப்பாவிடம் பேசும்போது அம்மா என் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் நான் சொல்வதற்கு முன்பே அம்மா வாயிலிருந்து அவர் காதில் விழுந்தால் போச்சு, ஒரே வார்த்தையில் 'முடியாது' என்பார். சொன்னால் சொன்னதுதான்.

சரி, முதலில் அம்மாவைச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அஸ்தம்பட்டியில் இருக்கும் என் காலேஜ் நண்பன் ஜெர்ரி ஒரு துப்பறியும் போர்டு கேம் வைத்திருந்தான். ஒரு பங்களாவில் வைர மாலை திருடுபோகிறது. ஆடுகிற எல்லாரும் ஒரே கட்சி. பத்து இடங்களுக்கு மட்டும் போய்த் துப்புச் சேர்த்து, ஒரே ஆளைச் சொல்ல வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்துதான். அட்டைகளையெல்லாம் அவன் தமிழில் எழுதியிருந்தான். விடையை மட்டும் அவனுக்கும் தெரியாமல் அவன் தங்கை மெர்லின் எழுதி, வெள்ளைக் கவரில் போட்டு ஒட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்ரி அதை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தான். சாப்பாடு முடிந்ததும் அப்பா, அம்மா, அவன், நான் என்று நாலு பேரும் உட்கார்ந்தோம். கவரை அம்மாவிடம் நீட்டினேன். "பத்திரமா வெச்சிரும்மா. கடைசிலதான் பிரிக்கோணும்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏறியது. அம்மாவின் கண் விரிந்தது. சட்டென்று கவரைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பார்த்தாச்சு! இனி எத்தனை நிமிடம் தாங்குகிறாள் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"டாக்டர்தான் எடுத்திருப்பான். ஊசி போடறவன எப்பவுமே நம்பக் கூடாது," என்றார் அப்பா.

"அங்கிள், டிரைவர் ஷெட்லயும் ஒரு துப்பு இருக்குது," என்றான் ஜெர்ரி.

முப்பது வருடம் லாரி ஓட்டிய அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "டிரைவரா? வண்டில கோடி ரூவா சரக்க வெச்சுட்டு ரோட்டோரம் தூங்கறவனுங்க நாங்க. அந்த ஷெட்டுப் பக்கமே போக வேண்டாம்."

அம்மா முறுக்கு டப்பாவை இழுத்து, ஒன்றை முழுசாக வாய்க்குள் திணித்தாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று ஜெர்ரி கேட்டான். கன்னம் உப்ப, எனக்கென்ன தெரியும் என்பதுபோல் கையை விரித்தாள். அடுத்த முறை கேட்டபோது இன்னொன்று போனது.

அப்பாவுக்கே பயம் வந்துவிட்டது. "ஏன் சுகன்யா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்றரை மணி நேரம். ஏழு முறுக்கு. கடைசியில் நாங்கள் மூன்று பேரும் டாக்டர் என்றோம், கவரைப் பிரித்தோம், டிரைவர் என்றிருந்தது. "இத எழுதுன புள்ள லாரில ஏறியிருக்குமா?" என்று அப்பா ஜெர்ரியைப் பிடித்துக்கொண்டார்.

நான் நம்ப முடியாமல் அம்மா பின்னாலேயே அடுப்படிக்கு ஓடினேன். புருஷன் கண் முன்னால் தோற்கிறான், இந்த மனுஷி வாயைத் திறக்கவில்லையே! இனி பயமில்லை.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அப்பாகிட்ட நான் சொல்ற வரைக்கும் நீ..."

"அஸ்ஸாம்தான?" கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இருவதாந் தேதி."

நான் சட்டென்று அடுப்படிக் கதவைச் சாத்தினேன்.

"தபால்காரர் உனக்கு வந்த கவர என் கையிலதான சாமி குடுத்தாரு."

"அது வந்து பதினோரு நாளாச்சேம்மா! ஒரு வார்த்த சொல்லல?"

"நீயா வந்து சொல்லுவீன்னு பாத்தேன். என்னையச் சோதிக்க இதுல ஒரு ஆட்டம் வேற." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ராத்திரி அவர் சாப்ட்டு முடிக்கட்டும். நீ பேசு. நான் பக்கத்துல நிக்கறேன்."

பதினோரு நாளாக வீட்டில் முறுக்கு டப்பா காலியாகிக்கொண்டே இருந்தது. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு இப்படித் திங்கலாமா என்று நான் தினமும் அப்பாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அழுவாத. அழுதா அவர் இப்பவே கண்டுபுடிச்சுருவாரு," என்று அம்மா ஒரு முறுக்கை எடுத்து என் வாயில் திணித்தாள்.