பார்க்க மட்டும் அனுமதி

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் போன வாரம் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பொறுக்கிய முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ராஜனின் வாசனை அது. நாள் முழுக்க மௌஸ் பிடித்து வலிக்கும் கையில் அதைத்தான் தேய்ப்பான்.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து கோப்பி வாங்கப் போகிறவன் நான். நீங்களும் இப்போது எழுந்து போகலாம், தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், தெம்பனிஸ் அலுவலகத்தில்.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் யூனிக்ஸ் சர்வரைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வதுதான் எனக்கும் ராஜனுக்கும் வேலை. கிடங்கு ஊழியர்கள் அதற்குள் லாகின் செய்து, அது காட்டும் திரையில் பட்டனை அழுத்தினால்தான் சரக்கு விமானம் ஏறும். அன்று எல்லாரும் லாக் அவுட் செய்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தால் யாராலும் நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லை ஏற்கும், சாம்பல் நிறத்தில் ஒரு திரை விரியும், ஒரு மூச்சு நேரம், வெளியே தள்ளிவிடும்.

கிடங்குக் கவுண்டரிலிருந்து மாலா போன் செய்தார். “அண்ணே, சாயங்காலம் திருச்சி ஃபிளைட்டுக்கு ஒரு பாடி போகணும். கப்பல் பட்டறையில வேலை பார்த்தவரு. அவரோட தம்பி இங்கதான் நிக்கிறாரு. இப்ப விடலன்னா ஏத்த மாட்டாங்க லா.”

பின்னாலிருந்து ஓர் இளம் குரல், “அம்மா அங்க பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருக்கு, சொல்லுங்கக்கா.”

என்னென்னவோ பார்த்தேன். சர்வரின் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தது, அனுமதிகள் சரியாக இருந்தன, பாதுகாப்புப் பூட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கட்டளைகளை மட்டும் தட்டும் எழுத்துத் திரையில் நான் சுலபமாக உள்ளே போனேன், ஊழியர்கள் மௌஸால் வேலை செய்யும் படத்திரைதான் வர மறுத்தது. அந்த ஒரு பட்டனோ படத்திரையில் மட்டும்தான் உண்டு. சர்வரை அணைத்து எழுப்ப மேலிடத்து அனுமதி வேண்டும், மேலிடம் மீட்டிங்கில் இருந்தது. வெளியே மழை கொட்டியது.

அப்போதுதான் பார்த்தேன், சர்வருக்குள் ஒரே ஒரு படத்திரை உயிரோடு இருந்தது. ராஜனுடையது. தைப்பூசத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்ட ராஜனுடையது.

இதில் மாயம் இல்லை. அவன் இறந்ததும் கணக்கைப் பூட்டினோம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அவன் திரையை அணைக்க மறந்தோம். வீட்டைப் பூட்டுகிறவர்கள் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புதிதாகத் திரை எதுவும் வரவில்லையே தவிர, ஏற்கெனவே ஓடுகிற அந்தத் திரையைத் திறக்க முடிந்தது. அடுத்தவர் திரையைப் பார்க்கலாம், தொடக்கூடாது என்பது எங்கள் விதி, சர்வரும் விடாது. காத்திருக்கும் சரக்குகளுக்கு நடுவில் அந்த மனிதரின் பெயர் இருந்தது. பக்கத்தில் பட்டன். மூலையில் அசையாமல் ஓர் அம்புக்குறி. என் மௌஸை எப்படி இழுத்தும் அது நகரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுகிறவன் மாதிரி இருந்தேன்.

“ராஜா, ஒரே ஒரு தடவை அழுத்துடா,” என்று வாய்விட்டே சொன்னேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்புக்குறி நகர்ந்தது.

மெதுவாக வந்து பட்டனை இரண்டு முறை சுற்றியது. ராஜன் அப்படித்தான், எதையும் சுற்றாமல் அழுத்த மாட்டான், கோயிலா இது என்று கிண்டல் செய்வோம். அழுத்தியது. பெயர் மறைந்தது.

“ஐயோ, ரிலீஸ் ஆயிடுச்சு லா! எப்படிண்ணே பண்ணீங்க?” என்றார் மாலா போனில். பின்னால் அந்தத் தம்பி உடைந்து அழுதான்.

அந்தத் திரையோடு அப்போது இணைந்திருந்தது யார் என்று பார்த்தேன். என்னைத் தவிர யாரும் இல்லை. சாயங்காலம் சர்வர் தானாகவே சரியானது, காரணம் இன்றுவரை பிடிபடவில்லை.

அவன் திரையை மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. கட்டளையைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு, கடைசியாக ஒரு முறை எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அம்புக்குறி வேறு இடத்தில் இருக்கும். கட்டளையை அழித்துவிடுவேன்.

அவனைக் கடைசியாகப் பார்த்தது லிட்டில் இந்தியா ரயில் நிலைய வாசலில். “வீட்டுக்குக் கிளம்பும்போது லாக் அவுட் பண்ணுடா, எத்தனை தடவை சொல்றது?” என்று திட்டினேன்.

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே படியில் இறங்கினவன் திரும்பிச் சிரித்தான். “கெடக்கட்டும் லா. அவசரம்னா திரும்ப வரணும்ல?”