அறியாமை என்று எழுதச் சொன்னார்கள்

அடுத்தவர் சொல்வதைக் கேட்டு, சொன்னபடியே எழுதிக்கொண்டு வருவது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் அதை ஒரு நாள்கூடச் செய்யாதவர்கள். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் மேலிடத்தில் திட்டும் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

எண்பதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்த எங்களில் என்னையும் சேர்த்து நான்கு பேரைப் புதுமாதிரி ஆய்வுப் பயிற்சி என்று ஆறு வாரம் திருத்தணிக்கு அனுப்பினார்கள். தலைக்கணக்கு எடுக்க வேண்டாம். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, காரணத்தை அவர்கள் வாயாலேயே தெரிந்துகொண்டு வரவேண்டும். காசநோய்க்காரர்கள் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான்கு கட்டங்கள்

மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றில் முதல் வகுப்பு. "எதையும் முன்னாடியே முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க. திறந்த மனசோட கேளுங்க" என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கத்தைத் தாள் கொடுத்தார். அதில் 'காரணம்' என்று போட்டு நான்கு கட்டங்கள் அச்சடித்திருந்தது: அறியாமை, அலட்சியம், குடி, மூடநம்பிக்கை.

"சார், இதுல இல்லாத காரணத்தைச் சொன்னா எங்கே எழுதறது?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி சிரித்தார்.

"வேற காரணம் சொல்லமாட்டாங்கம்மா. நான் பார்க்காத நோயாளியா?"

தெரு நடுவில் ஜீப்

மறுநாள் பள்ளிப்பட்டு. நெசவாளர் தெரு. ஆஸ்பத்திரி ஜீப்பில் போனோம்; பக்கவாட்டில் காசநோய் விளம்பரமே பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஜீப். கூட வந்த சுகாதார ஆய்வாளர் அதை நேராக முனிரத்தினம் என்ற நோயாளியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ஆரன் வேறு அடித்தார். எதிர்வீட்டு, பக்கத்து வீட்டுத் தறிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, தலைகள் எட்டிப் பார்த்தன.

முனிரத்தினம் மட்டும் தறியை நிறுத்தவில்லை. நான் திண்டாடித் திண்டாடிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடும் சத்தம்தான் பதில். எழுந்து வரும்போது, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"வண்டிய தெருமுனையில நிறுத்திட்டு நடந்து வந்திருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்மா. இப்ப தெருவே பாத்துகினு கீது. இனிமே எந்த முதலாளி எனக்கு நூல் குடுப்பான்?"

ஒரே வரியில் ஒரு அம்மா

அதற்குப் பிறகு நான் ஜீப்பில் ஏறவில்லை. ஆனால் ஆய்வாளரை உதற முடியவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் கூலிக்காரம்மா ஒருவர்; பேச்சு முழுக்கத் தெலுங்கு. விடியுமுன் வெறும் வயிற்றோடு வெட்டுக்குப் போவதையும், மாத்திரை போட்டால் குமட்டி விழுவதையும், விழுந்தவளை மேஸ்திரி மறுநாள் கூப்பிடாததையும் விலாவாரியாகச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் தெரியாதாம். எழுதிக்கோங்க, அறியாமை" என்றார். நான் அரக்கோணம் ரயில்வே காலனியில் வளர்ந்தவள்; பாதித் தெரு தெலுங்குதான். அந்த அம்மா சொன்னதை அப்படியே தமிழில் திருப்பிச் சொன்னேன். ஆய்வாளர் முகத்தில் ஒரு சின்ன வெட்கமாவது வரும் என்று பார்த்தேன்.

"அதையெல்லாம் எழுதினா நோட்டு பத்தாதும்மா."

பெயரை எடுத்தால் போதுமா

திருத்தணியிலேயே இருந்த சரோஜாம்மா வீட்டிலிருந்தபடி நூல் சுற்றுபவர். என்னோடு பேச நான்கு நாள் யோசித்தார். ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில் கம்பவுண்டர் "டி.பி. சரோஜா" என்று கத்திக் கூப்பிடுவாராம். ஒரு நாள் அதே வரிசையில், மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன புத்தூர் மாப்பிள்ளையின் அத்தை நின்றிருந்தார். சம்பந்தம் அன்றோடு போயிற்று. அன்றோடு மாத்திரையையும் நிறுத்தினார். "என் பேரு வெளிய வரக்கூடாது" என்றார். சத்தியம் செய்தேன்; இங்கே சரோஜா என்பதுகூட நான் இட்ட பெயர்தான், விவரங்களும் மாற்றியவை. மறுபடி மாத்திரை வாங்கச் சம்மதிக்கவும் வைத்தேன்.

நோட்டில் பெயருக்குப் பதில் ஓர் எழுத்துதான் போட்டேன். பயிற்சி முடியும் தறுவாயில் ஆஸ்பத்திரியிலேயே ஒரு கூட்டம்; கம்பவுண்டரும் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் என் நோட்டைக் கையில் எடுத்து, நூல் சுற்றும் தொழில், வரிசையில் கத்திக் கூப்பிட்டது, புத்தூர் சம்பந்தம் என்று ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தார். தடுக்கலாமென்று எழுந்தேன், கையமர்த்தி உட்காரவைத்தார். எழுதும்போதே இதெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று உறைத்திருக்க வேண்டாமா எனக்கு? அடுத்த செவ்வாய்க்கிழமை மாத்திரைக்குப் போன சரோஜாம்மாவை வெயிலில் நிற்கவைத்து, கடைசியில் வெறுங்கையோடு அனுப்பினார்கள். ஓடிப்போய்க் கம்பவுண்டரிடம் சண்டை போட்டேன். அவர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"என்னைப் பத்திப் புகார் எழுதிக் குடுத்த அம்மா, மாத்திரையையும் உங்கிட்டயே வாங்கிக்கட்டும்."

அரக்கோணம் ரயில்

பெரிய டாக்டர் அறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, சரோஜாம்மாவை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கடிதம் வாங்கினேன். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. நானே ரயிலில் கூட்டிப்போனேன். மாதாமாதம் அப்படிப் போய் மருந்தை முழுசாக முடித்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு ரயிலில் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"நீ கேட்டதெல்லாம் சரிதாம்மா. எதுக்குக் கேக்கறேன்னு நான்தான் மொதல்ல உன்னக் கேட்டிருக்கணும்."

சிவப்பு மை

நான் எழுதிய அறிக்கையில் கம்பவுண்டர் கத்தியது, ஜீப் நின்றது, மேஸ்திரி கூப்பிடாதது எல்லாவற்றையும் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'அறியாமை' என்று எழுதியிருந்தார். தறியில் ஏற்றிய பாவு நூல் மாதிரி வரிவரியாக அடிபட்டுக் கிடந்த பக்கங்களை அவர் மேசையிலேயே திருப்பி வைத்தேன். திருத்தமாட்டேன், நீங்கள் அடித்தபடியே சேர்த்தால் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். யாருடைய பெயரைக் காப்பாற்ற முடியாமல் போயிற்றோ அவருக்காக அதையாவது செய்யலாமென்று தோன்றியது.

அவர் பேனாவை மூடினார்.

"இவ்வளவு கோவத்தை வெச்சிகிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாதும்மா."

கேட்டு எழுதிய எனக்கு இரண்டாம் வகுப்பு கிடைத்தது. கேட்காமலே கட்டத்தில் எழுதிய மற்ற மூவருக்கும் முதல் வகுப்பு என்று கேள்வி.