பகாவத் என்று ஒரு சொல்

குதிரைவண்டியின் பின்பக்கம் பச்சைத் திரை ஒன்று தொங்கும். ஐம்பதுகளில் சேலத்தில், பக்கத்து வீட்டுப் பாய் மாமாவின் மூத்த மகளும் நானும் அந்தத் திரைக்குள் உட்கார்ந்துதான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். நாங்கள் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம், எனக்கு எதற்குத் திரை? அக்காவுக்குத் துணை என்று ஏற்றிவிட்டார்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். "ஊர்ப் படம் வரையச் சொன்னா நான் திரையத்தான் வரையணும்" என்று அக்கா முணுமுணுப்பாள். அவளுக்கு டீச்சராக வேண்டும் என்று கொள்ளை ஆசை.

பள்ளி இறுதி வகுப்பில் ஒருநாள், செவ்வாய்ப்பேட்டையில் வண்டி திரும்பியதும் திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டாள். கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அடடா, அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எதிரே ஒரு கடைவாசலில் மாமா நின்றிருந்தார்.

சாயங்காலம் அவர் விசாரித்தபோது வண்டிக்காரர் முந்திக்கொண்டு, "காத்துல தூக்கிருச்சுங்க" என்றார். அதோடு போயிருக்கும். இவள் விடவில்லை. "காத்து முடிச்சுப் போடுமா? நாந்தான் பாவா கட்டினேன். நாளைக்கும் கட்டுவேன்."

அப்பாவைப் பாவா என்று அழைக்கும் உருது வீடு அது. மாமா ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: பகாவத். கலகம் என்று பொருள், அரபியிலிருந்து வந்த சொல்லாம். மறுநாளிலிருந்து அக்கா பள்ளிக்கூடம் வரவில்லை. என் அம்மா போய், "பரீட்சை மட்டுமாவது எழுதட்டுங்கண்ணா" என்று கெஞ்சினாள். "ஊர் பேசுமேம்மா" என்று அவர் தரையைப் பார்த்தார். கெட்ட மனிதரில்லை, அதுதான் இன்னும் ஆற மாட்டேன் என்கிறது. ஒரு முழத் துணிக்காக ஒரு படிப்பா!

பத்து வருடம் கழித்து, பிறந்த வீட்டுக்கு வந்திருந்த நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவும் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கடைசித் தங்கைக்கு அன்று பள்ளி இறுதிப் பரீட்சை. மாமா பூரித்துப் போய்ச் சொன்னார்: "தனியா டவுன் பஸ்ல போறாம்மா. எம் பொண்ணுக்கு ரொம்ப தைரியம்!"

டீ கொண்டுவந்த அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அடுப்பங்கரைக்குப் போனதும் சிரித்தாள். "நான் செஞ்சா பகாவத்து. அவ செஞ்சா தைரியம். பாத்தியாடி?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் தங்கையின் குரல் கேட்டது. அக்கா ஈரக்கையை முந்தானையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி ஓடினாள்.

"கேள்வித்தாள் எங்கடி? கொண்டா, கொண்டா."