லோஞ்ச் ஹோர்னில் பிறந்த பாட்டு

எங்கள் பாட்டுக் குழுவில் தபேலா வாசிப்பவர் பகலில் கோதுமை மா ஆலையில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர், நல்ல கை. ஒரேயொரு குறை, ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் அவருக்குச் சுருதி சேர்க்க வேண்டும். சின்னச் சுத்தியலை எடுத்து டொக் டொக் என்று தட்டுவார், காதைச் சாய்ப்பார், முகத்தைச் சுளிப்பார், மறுபடியும் தட்டுவார். கடற்காற்றுக்குத் தோல் இளகிவிடுகிறதாம். இரண்டு நிமிடம் பிடிக்கும், மாரி காலத்தில் மூன்று. சனம் சும்மா இருக்குமா? முதல் நிமிடத்தில் இருமும், இரண்டாவதில் கதைக்கும், மூன்றாவதில் எழும்பிக் கடலை வாங்கப் போகும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் என்னை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். எனக்குப் பாடத் தெரியாது. வாய் மட்டும் உண்டு.

“பாட்டைப் பற்றி ரெண்டு வசனம் கதையுங்கோ,” என்றார் குழுத் தலைவர். “தபேலா சரிவந்த உடன நான் கையைக் காட்டுவன்.”

முதல் வருடம் உண்மைதான் சொன்னேன். எந்தப் படம், எந்தக் கட்டம், யார் அழுவார்கள், யார் அழ வைப்பார்கள். உண்மை நாற்பது விநாடிக்கு மேல் நீளாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பொய்க்கு அந்தக் குறை இல்லை. வேண்டிய அளவுக்கு இழுக்கலாம், தலைவர் கையைக் காட்டினால் அந்த இடத்திலேயே வெட்டலாம்.

ஆகவே பாட்டுகளுக்குக் கதை பிறப்பிக்கத் தொடங்கினேன். மூன்று சகோதரர் ஒரே பாயில் இருந்து சாப்பிடும் ஒரு பழைய படக் காட்சி உண்டு. படப்பிடிப்பில் வைத்தது உண்மையான சோறு என்றும், கடைசித் தம்பியாக நடித்தவர் எழும்ப மறுத்தபடியால்தான் இரண்டாவது சரணம் எழுத வேண்டி வந்தது என்றும் சொன்னேன். ஞாயிறு தோறும் நாங்கள் வீட்டோடு பார்த்த தொலைக்காட்சி நாடகத்தின் தொடக்கப் பாட்டைப் பாடிய பெண்ணுக்கு அன்றைக்குக் கூகைக்கட்டு என்றேன். கன்னம் வீங்கியபடியால்தான் அந்த மூக்குக் குரலாம். நிகழ்ச்சி முடிய ஒரு அம்மா மேடைக்கு வந்து, அந்தப் பிள்ளைக்கு என்ன பத்துப் போட்டிருக்க வேண்டும் என்று எனக்குக் கால்மணி நேரம் விளக்கினார். நான் பணிவோடு கேட்டுக்கொண்டேன். பொய் சொல்பவனுக்குப் பணிவு முக்கியம்.

இந்தத் தைரியத்தில்தான் லோஞ்ச் கதையை, எங்கள் ஊரிலிருந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார் படகின் கதையை, அவிழ்த்துவிட்டேன்.

அது தகப்பன் ஒருவர் பிள்ளைகளை விட்டுப் பிழைப்புத் தேடிப் போகும் படம். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வயலின்கள் ஒரு நீளமும் ஒரு குட்டையுமாக இரண்டு இழுப்பு இழுக்கும். அதைக் கேட்டால் கல்லும் மூக்கைச் சிந்தும். அன்று மழைநாள், தபேலா வழிக்கு வருவதாக இல்லை. நான் சொன்னேன்: “இந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் கோணேசரைக் கும்பிட எங்கள் ஊருக்கு வந்தவர். பிறகு வெருகல் முருகனிடம் போக மூதூர் லோஞ்சில் ஏறினார். லோஞ்ச் வெளிக்கிடும் நேரம், சாக்கு மூட்டையோடு ஒருவர் இறங்குதுறையில் ஓடி வருகிறார். லோஞ்ச் ஓட்டி அவரைக் கூப்பிட ஹோர்ன் அடிக்கிறார், ஒரு நீளம், ஒரு குட்டை. இசையமைப்பாளர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்...”

தலைவர் கையைக் காட்டினார். வயலினுக்குப் பதில் எங்கள் கீபோர்ட் இழுத்தது, ஒரு நீளம், ஒரு குட்டை. மண்டபம் அப்படியே “ஆ” என்றது.

அடுத்த கிழமை துறைமுகத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நானா என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மூதூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்த முஸ்லிம் அண்ணன், அதனால் நானா. என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, அந்த லோஞ்ச ஓட்டினது எண்ட வாப்பா.”

தகப்பனாம். நான் மேசையில் கிடந்த கோப்பு ஒன்றைத் திறந்து மூடினேன்.

“நீளமா ஒண்டு, குட்டையா ஒண்டு. அப்படி அடிக்கிறது வாப்பா மட்டுந்தான். வாப்பா மௌத்தாகி எவ்வளவு காலம். அவரைப் பத்தி ஒரு மேடையில ஒராள் கதைச்சது இதுதான் முதல் தரம். உண்மைதானே தம்பி?”

அந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் “இல்லை நானா, தபேலா ஈரம்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் “ஓம்” என்றேன்.

அதிலிருந்து அவருடைய கடையில் பிளேன்டீ குடிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை உண்டு. மகளுடைய மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார். பள்ளிவாசல் தலைவருக்குச் சொன்னார். புல்மோட்டையிலிருந்து மீன் கொண்டு வரும் லொறிக்காரர் ஒருவர் எனக்கே திருப்பிச் சொன்னார். அதில் இசையமைப்பாளர் நானாவின் வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டும் இருந்தார். என் பொய்யை விட நன்றாக இருந்தது.

இந்த வருடம் நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கத் தலைவர் தொலைபேசியில் குதித்தார்.

“கேட்டீங்களோ! அந்தப் பாட்டுக்கு வயலின் வாசிச்ச மனுசன் சென்னையிலயிருந்து வந்து நிக்கிறாராம். கோணேசர் கோயிலுக்கு வந்தவர். நான் போய் மடக்கிப்போட்டன். அவர்தான் பிரதம விருந்தினர்!”

“எந்தப் பாட்டுக்கு?” என்றேன், தெரியாதவன்போல.

“லோஞ்ச் பாட்டுக்குத்தான்! நானாதான் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போறார். சொந்தக்காரர் எல்லாரையும் மூதூரிலயிருந்து வான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறாராம். நீங்கள் கதையைச் சொல்ல, அவர் ‘ஓம், உண்மை’ எண்டு சொல்ல, பிறகு பாட்டு. எப்படி?”

எப்படி என்றால், நான் கதிரையில் இருந்தபடியே வியர்த்தேன். எனக்கு அடிபட்டால் பரவாயில்லை, என் மரியாதை ஏற்கெனவே பழைய சாமான். ஆனால் நானா வான் நிறையச் சொந்தத்தைக் கூட்டி வந்து, முன்வரிசையில் இருத்தி, எல்லோர் முன்னாலும் தன் வாப்பா பொய்க்கதையில் வந்தவர் என்று கேட்கப்போகிறார்.

வீட்டுக்குப் போய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

“என்னப்பா, என்ன நடந்தது?” என்றாள் மனைவி.

“தொண்டை அடைச்சிட்டுது. ஞாயிறு கதைக்க ஏலாது,” என்று கிசுகிசுத்தேன்.

“பொய் சொல்லேக்க மட்டும் கோயில் மணி மாதிரிக் கிடந்தது. எழும்பிப் போய் நானாவிட்ட உண்மையைச் சொல்லுங்கோ.”

போனேன். நேராகக் கடைக்குத்தான் போனேன். வாசலில் நின்று மூன்று தரம் ஒத்திகையும் பார்த்தேன். நானா என்னைக் கண்டதும் பிளேன்டீயும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பொதியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். ஞாயிறுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை.

“பொத்தான் எப்படித் தம்பி?”

“நல்ல பொத்தான், நானா,” என்றேன். அவ்வளவுதான் என் உண்மை. வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு பின்னேரம் தேவாலயப் பங்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் நானா, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் அவருடைய தாத்தா, அதாவது மூத்த சகோதரி, பின்னால் இரண்டு வரிசைக்குச் சொந்தம். வயலின்காரர் மேடையில் மெலிந்த கழுத்தோடு புன்னகைத்துக்கொண்டு இருந்தார். அந்தப் பாட்டின் முறை வந்தது. நான் தபேலாக்காரரைப் பார்த்தேன். சுத்தியல் பையிலேயே இருந்தது.

“சுருதி?” என்றேன்.

“வீட்டிலயே சேர்த்துக்கொண்டு வந்திட்டன். இண்டைக்கு ஒரு பிழையும் வராது,” என்றார் பெருமையோடு.

கடவுளே என்று நன்றி சொல்லி, நேரே பாட்டுக்குக் கையைக் காட்டினேன். “கதை!” என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. “கதை! கதை!” என்றது மண்டபம். நானா பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

அப்போது என் மூளை செய்த கடைசி வேலை, மைக்கை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது. “நான் ஏன் சொல்ல வேண்டும்? அந்தப் பதிவில் இருந்தவரே இங்கே இருக்கிறார். ஐயா, நம் இசையமைப்பாளர் மூதூர் லோஞ்சில் போனது பற்றி...”

வயலின்காரர் மைக்கை வாங்கி என்னை அன்போடு பார்த்தார். “லோஞ்சா? அவரா? அவருக்குத் தண்ணின்னா பயம் சார். கிணத்தைக் கூட எட்டிப் பார்க்க மாட்டார். மெட்ராசை விட்டு ஒருநாளும் எங்கேயும் போனதில்லே.”

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். நானாவின் சொந்தக்காரர் எல்லோரும் மேடையைப் பார்க்கவில்லை, நானாவைப் பார்த்தார்கள். அவர் பொன்னாடையின் ஓரத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

என் முழங்கால்கள் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. மிச்ச உடம்பு எப்படியோ மைக்கிடம் போனது.

“பொய் சொன்னது நான்,” என்றேன். “நானா இல்லை. இசையமைப்பாளர் வரவில்லை, முருகனிடம் போகவில்லை, பென்சிலும் இல்லை. தபேலா சரிவரும்வரை நேரத்தைக் கடத்தச் சொன்ன கதை. நானா கேட்டபோது உண்மை என்று சொன்னதும் நான்தான். அதில் ஹோர்ன் மட்டும் உண்மை. எனக்கு முதல் வேலை மூதூரில். காலையில் லோஞ்சில் போகவேண்டும், ஒருநாளும் நேரத்துக்கு எழும்பமாட்டேன். சோற்றுப் பார்சலும் கையுமாக இறங்குதுறையில் ஓடிவருவேன். ஓட்டுகிறவர் என்னைக் கண்டால் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று அடித்துவிட்டு நிற்பார். அவர் முகத்தை நான் வடிவாகப் பார்த்ததுகூட இல்லை, நேரே போய்ப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை. மூட்டைக்காரர் என்று நான் சொன்னது என்னைத்தான். வெட்கத்தில் சாக்கைச் சேர்த்தேன்.”

நானா எழும்பினார். மேடைக்கு வந்து என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வாயால் ஊதினார். நீளமாக ஒன்று. குட்டையாக ஒன்று.

மண்டபத்தின் நடுவில் ஒரு ஆசிரியை கைப்பையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று எழும்பி நின்றார். அவருக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “எத்தினை வருசம் அந்த லோஞ்சில போய்ப் படிப்பிச்சனான்,” என்றார் ஆசிரியை, “கால் தானா எழும்புது.” பின்னாலிருந்து ஒருவர், “நானா, நில்லுங்க, நானும் வாறன்!” என்று கத்தினார். முதலில் சிரித்தது மூதூர் வரிசைகள்தான். பிறகு மண்டபம் முழுக்க.

வயலின்காரர் காதில் கையை வைத்து, “இன்னொரு தடவை ஊதுங்க,” என்று நானாவைக் கெஞ்சினார்.

நானா ஊதவில்லை. என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, ஏதோ கணக்குத் தீர்ந்தவர் போல என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“அந்தப் பிந்தி வாற பொடியன் நீங்களா?”

முன்வரிசையிலிருந்து தாத்தா கழுத்தை நீட்டினார். “ஆரு, இவனா? வாப்பா அந்தியில வீட்ட வந்து சோறு தின்ன முன்னம் ஏசுவாரே, அவனா?”

“அவன்தான்,” என்றார் நானா மைக்கிலேயே. “தம்பி, வாப்பா உங்களுக்கு ஒண்டு சொல்லணும் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவார். நீங்க ஓடிப்போய் ஒளியிறதால சொல்லக் கிடைக்கல்ல.”

“என்ன, நானா?”

“நேரத்துக்கு எழும்புடா, ஹராங்குட்டி.”