பொட்டு வைத்த துப்பாக்கி

அப்பா எனக்கு விட்டுப்போனவற்றில் சொல்லிக்கொள்ளும்படியானவை இரண்டுதான்: ஒரு பழைய ரிவால்வர், ஒரு முன்கோபம். ரிவால்வரை என் பெயருக்கு மாற்ற ஒன்றரை வருடம் அலைந்தேன். கோபத்துக்காக எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் அது. புதிதில் மயில் கழுத்து மாதிரி நீலமும் கறுப்புமாக மின்னியதாம். என் கைக்கு வந்தபோது குழலின் மேல் மூன்று கோடுகள் வெளுத்திருந்தன. உருளையில் ஆறு இடத்தில் வட்ட வட்டமாகத் துரு. இதற்கு எந்தப் போரும் காரணமில்லை. ஆயுத பூஜைதான் காரணம். கம்மாபுரத்துப் பக்கம் எங்கள் நிலத்தில் கலப்பை, பம்பு செட்டு, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாக ரிவால்வரை வாழை இலையில் படுக்க வைப்பார் அப்பா. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பட்டை. உருளையைச் சுற்றி ஆறு இடத்தில் சந்தனம், குங்குமப் பொட்டு. எலுமிச்சம்பழத்தையும் அதன் தலைக்கு மேலேயே பிழிவார். மறுநாள் சாயங்காலம் வரை யாரும் துடைக்கக் கூடாது. அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை கழற்றி எண்ணெய் போட்டாலும் என்ன பிரயோஜனம்? ஒரு தடவைகூடச் சுடாத துப்பாக்கி, சாமி கும்பிட்டே தேய்ந்துபோனது.

அதற்கு மறுபடி மெருகேற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மனைவிக்கோ அதை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் தலைமுழுக வேண்டும் என்று ஆசை. அவள் பக்கம் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். விருத்தாசலத்தில் நான் ஒரு சின்ன செராமிக் கம்பெனி வைத்திருக்கிறேன். ஃபியூஸ் கட்டைகளும் அகல் விளக்கும் செய்கிறோம். பக்கத்துக் கம்பெனிக்காரர் தினமும் என் கேட்டை மறித்து லாரியை நிறுத்துவார். போன ஆடியில் ஒருநாள் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எங்கப்பா துப்பாக்கி இன்னும் வூட்டுலதான் இருக்குது, தெரியும்ல?" என்று கத்திவிட்டேன். சாப்பாட்டுக் கூடையோடு வந்த மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "உங்க வாயி எனக்குப் பழகிப்போச்சுங்க. வாயும் அதுவும் ஒரே வூட்டுல இருந்தா என்னால தூங்க முடியல."

நான் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். முறைப்பதற்கு நடுவே மெருகேற்றும் வேலையையும் ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது வெளுத்தாலும் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கிச் சூளையில் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவோம். எங்கள் சூளை மேஸ்திரி ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுப்பு கிளேஸு ஒரு கோட்டு குடுத்து நாளைக்குச் சூளைக்குள்ள போற வண்டியில ஏத்திடலாம்ண்ணே. ஃபியூஸ் கட்டையோட கட்டையா வெந்துடும்" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நல்லவேளை, முதலில் ஒரு ஸ்பேனரை வைத்துப் பார்ப்போம் என்று புத்தி வந்தது. இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தால் ஸ்பேனர் வளைந்து, மேலே பூசியதெல்லாம் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தது. மேஸ்திரி கொஞ்சமும் அசரவில்லை. "ஸ்பேனர் மட்டம்ண்ணே" என்றார். அவரைத் திட்டிய திட்டில் பக்கத்து லாரி தானாகவே நகர்ந்தது.

கடைசியில் லைசென்ஸையும் ரிவால்வரையும் எடுத்துக்கொண்டு, சென்னையில் ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்கு ரயிலேறினேன். மனைவியும் கூடவே ஏறினாள். "அதோட உங்களத் தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள். விழுப்புரம் தாண்டிய பிறகு, மெருகு போட்ட கையோடு திரும்பி வந்து ஸ்டேஷனில் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைக்காரர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குழலை வெளிச்சத்தில் பிடித்தார். "யாரு சார் இதுக்குப் பட்டை போட்டது?" என்று சிரித்தார். பிறகு துப்பாக்கியின் பின்பக்கத்துச் சுத்தியலை விரலால் இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இது சுடாது. தோட்டாவத் தட்டுற ஊசிய அரத்தால ராவி எடுத்திருக்காங்க. ரொம்ப வருஷம் ஆச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அம்மாவுக்கு போன் போட்டேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அம்மா எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். கடை முழுக்கக் கேட்டது.

"அதுவா? நான்தான் உன் மாமாகிட்ட சொல்லி எடுக்கச் சொன்னேன்" என்றாள், பரணிலிருந்து ஏதோ பாத்திரத்தை எடுக்கச் சொன்னதுபோல. "நெலக்கரிச் சுரங்கத்துக்கு நம்ம நெலத்த எடுக்க அளக்க வந்தாங்கல்ல, அன்னிக்கு உங்கப்பா 'இருங்கடா வரேன்'னு உள்ள ஓடியாந்தாரு. நான் பீரோ சாவியத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டேன். ஒவ்வொருவாட்டியும் கெணத்துல போட முடியுமா? அடுத்த தடவ சர்வீஸுக்கு ரெண்டு பேருமா மெட்ராஸுக்குப் போனப்ப, உங்கப்பா சாப்புடப் போன நேரமாப் பாத்து மாமா கடைக்காரன்கிட்ட சொல்லி ராவ வெச்சுட்டான்."

"அப்பாவுக்குத் தெரியாதாம்மா?"

"வாரத்துக்கு ஒருவாட்டி கழட்டித் தொடைக்கிறவருக்குத் தெரியாமயா இருக்கும்? அவரும் ஒருநாளும் கேக்கல. நானும் சொல்லல. அதுக்கப்புறம்தான்டா சுட்டுடுவேன் சுட்டுடுவேன்னு இன்னும் சத்தமாக் கத்துவாரு."

ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டு வருவாரே அப்பா, அந்த முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைக்காரர் முன்னால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"கவலைப்படாதீங்க சார்" என்றார் அவர். "புது ஊசி போட்டுடலாம். மெருகோட சேத்து அதையும் முடிச்சுத் தந்துடறேன்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். கோபத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறேன் என்று ஊரே சொல்லும். அதுவரை அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி வேணாங்க" என்றேன். "மேல கறுப்பு மட்டும் ஏத்திக் குடுங்க."

கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மனைவி தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தாள். "இங்க குடுங்க, பாக்கலாம்" என்று கையை நீட்டினாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அதைத் தொட்டது அன்றைக்குத்தான்.