பெரியப்பா ரோஜா வளர்த்த கோடை

எங்கள் பெரியப்பாவுக்கு ரோஜாச் செடிகள் மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்த கோடை அது. அதற்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுப் பூந்தொட்டிகளைப் பயன்படுத்தியது சிகரெட் சாம்பலைத் தட்டுவதற்கு மட்டும்தான். அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை எங்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டிகளிடம் போய்க் குனிந்து நிற்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மனிதர்கள் இப்படித்தான் ஒருநாள் நல்லவர்களாகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காக்ஸ் டவுனில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. தாத்தா வாங்கியது. அவர் போன பிறகு அப்பா, அம்மா, நான், அத்தை என்று நாலு பேர் அதில் இருந்தோம். அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்த தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டவும் துணி மாற்றவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது, அதனால் யாரும் செய்துவைக்கவில்லை என்று சொல்வதுதான் நியாயம். ஐம்பதை நெருங்கியும் அண்ணன் வாயில் அவள் பெயர் ‘பாப்பா’தான். செல்லத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கேட்டிலிருந்து வாசல்படி வரை இரண்டு பக்கமும் அவளுடைய ரோஜாத் தொட்டிகள். பன்னீர் ரோஜா, மஞ்சள், ரத்தச் சிவப்பு, பெயர் தெரியாத ஒரு வெளிர் நிறம். யாரும் ஒரு பூவைத் தொட முடியாது. மே மாதம் மாதாவின் மாதம் அல்லவா, எங்கள் தெருவில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டுக்கு மாதா சுரூபம் வரும். தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். எங்கள் வீட்டு முறை எப்போதும் மாதக் கடைசியில் வரும். அன்றைக்கு அத்தையின் பூக்கள் மொத்தமும் மாதாவுக்கு. அதற்குக் கணக்காக ஈஸ்டர் முடிந்ததும் செடிகளை வெட்டிவிடுவாள். மொட்டைக் குச்சிகளாக நிற்பவை தளிர் விட்டு, மொட்டு வைத்து, மே முடிவில் சொல்லிவைத்த மாதிரி பூக்கும்.

அந்த வருஷம் வீட்டில் நிலைமை சரியில்லை. அப்பா வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். வீட்டை இடித்து மாடி மாடியாக ஃப்ளாட் கட்டலாம் என்று ஒரு பில்டர் வந்து உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தை மட்டும் மாட்டேன் என்றாள். கத்தினார்கள், கெஞ்சினார்கள், பெரியம்மா வந்து அழுதுவிட்டுப் போனாள். கடைசியில் செடிகளை வெட்டிய அன்று, கையில் கத்தரியோடு நின்றபடியே அத்தை சொன்னாள்.

“இந்த வாட்டி பூக்கட்டும்ண்ணா. மாதாவுக்கு வெச்சிட்டு, அப்புறம் கையெழுத்து போடறேன்.”

பெரியப்பாவின் ரோஜாப் பாசம் அன்றைக்குப் பிறந்ததுதான். எனக்கு இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பூ பூத்தால் வீட்டில் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்பது மட்டும்.

அப்புறம் அந்தச் செடிகளுக்கு நடந்த ராஜ உபசாரத்தைச் சொல்ல வேண்டும். பெரியப்பா மூட்டையில் மாட்டுச்சாணம் கொண்டுவந்தார். வேப்பம்புண்ணாக்கு கொண்டுவந்தார். யாரோ சொன்னார்கள் என்று முட்டை ஓட்டைப் பொடித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். குடிக்கிற தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் அப்பா, அரிசி களைந்த தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிய தண்ணீரை அம்மா தனியாக எடுத்துவைத்தாள். கார்ப்பரேஷன் தண்ணீர் வாரத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்த கோடை அது. டேங்கர்காரனோடு தெருவே சண்டை போட்டது. எனக்குத் தலைக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை, ஆனால் ரோஜாவுக்கு இரண்டு வேளை உண்டு. பில்டரின் ஆள்கூட வண்டியை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே இருந்தே “ஹூ பந்தா மேடம்?” என்று பூ வந்துவிட்டதா என விசாரித்துவிட்டுப் போவான். அத்தை இல்லை என்று தலையாட்டுவாள்.

எனக்கோ, பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கோடை வாய்த்ததில்லை. பெரியப்பா வெறுங்கையோடு வரமாட்டார். ஒருநாள் பாதாமி மாம்பழம், ஒருநாள் நுங்கு, ஒருநாள் ரோஸ்மில்க் பாட்டில். மத்தியானம் கிளிமூக்கு மாங்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு நாக்கு வெந்துபோகிற வரைக்கும் தின்போம். நாலு மணிக்கு மேல் வானம் கறுத்து, அரை மணி நேரம் ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்தால், ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் நின்று ஆடுவேன். யாரும் திட்டவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பூ என்றால் உயிர் என்று பள்ளித் தோழிகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். என்ன மக்கு நான்!

இவ்வளவு கவனித்தும் செடிகள் பூக்கவில்லை. தளிர் வந்தது, மொட்டு வந்தது. நிறம் தட்டுகிற சமயம் பார்த்து மொட்டு காணாமல் போனது.

அணில் என்றாள் அத்தை. பெரியப்பா அணிலுக்கு வலை கட்டினார். பூச்சியாக இருக்கும் என்று மருந்தடித்தார். பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டு அந்த வீட்டுக்காரரோடு ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டார். பூனை ரோஜா தின்னுமா என்று அவர் கேட்டதற்கு, உங்க வீட்டுப் பூனை எதையும் தின்னும் என்றார் பெரியப்பா.

அந்த அணில் யார் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் விடியற்காலையில் விழிப்பு வந்து வாசலுக்குப் போனேன். அத்தை நைட்டியோடு தொட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். ஒவ்வொரு மொட்டாகப் பிடித்து, இரண்டு விரலால் திருகிக் கிள்ளி, நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். அப்புறம் பக்கத்தில் கூப்பிட்டு, சின்ன மொட்டைக் கிள்ளினால்தான் பின்னால் பெரிய பூ வரும், பெரியப்பாவிடம் சொல்லிவிடாதே, திடீரென்று பெரிய பூவைப் பார்த்தால்தான் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றாள். அப்படியே நம்பினேன். பெரியப்பாவுக்குச் சந்தோஷம் வேண்டுமே என்று நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். கிள்ளிய மொட்டுகளின் இதழைப் பிரித்து, சர்க்கரை போட்டுப் பிசைந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, பின்பக்கச் சுவர் மேல் வெயிலில் வைத்தோம். சில நாளில் அது குல்கந்தாக இளகியது. அத்தை எனக்கு ஒரு ஸ்பூன் தருவாள், தானும் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்து நிற்பாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த வீட்டில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டிலில் தன் வீட்டையே அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவள் கணக்கு எளிது. அப்பா எங்கெங்கோ இன்டர்வியூ போய்க்கொண்டிருந்தார். ஒரு வேலை கிடைத்துவிட்டால் அப்பாவுக்குப் பில்டர் தேவைப்படமாட்டான், தம்பி தன் பக்கம் வந்துவிடுவான் என்று நம்பினாள். அதுவரைக்கும் பூக்கக் கூடாது. மாதாவிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது. மாதாவைக் காக்கவைக்கத்தான் வந்தது.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம் செடிகளில் ஒரு பூ இல்லை. எனக்கு அழுகை முட்டியது. பெரிய பூ எங்கே என்று அத்தையைக் கேட்டேன். அடுத்த மாதம் வரும் என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருக்கவில்லை. மேஜை விரிப்பை நீவிவிட்டு, சுரூபத்துக்கு முன்னால் வெறும் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினாள்.

தெரு மொத்தமும் வந்து பாயில் உட்கார்ந்த பிறகு பெரியப்பா வந்தார். பின்னாலேயே ஆட்டோக்காரர் இரண்டு பெரிய மூங்கில் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிவாஜிநகர் மார்க்கெட் ரோஜா. நான் ஆயுசில் அத்தனை ரோஜாவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பெரியப்பா தன் கையாலேயே மேஜை கொள்ளாமல் குவித்தார். மாதாவின் பாதம் மறைந்து, இடுப்பு மறைந்து, முகம் மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் ‘ஆகா’ என்றார்கள். நானும்தான் கை தட்டினேன். ஜெபமாலை நடந்தது. மன்றாட்டு மாலையில் மாதாவை ரோஜா என்று அழைக்கிற வரி வந்தபோது பெரியப்பாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

ஜெபம் முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். என் தங்கை மாதாவிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள், பூ வைத்த பிறகு குடும்பத்துக்காக ஒரு நல்ல காரியம் செய்வதாக, இன்றைக்குப் பூ வைத்தாயிற்று, எல்லோரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். அத்தை சுவரோரமாக நின்றிருந்தாள்.

“இது நம்ம வீட்டு பூ இல்லயேண்ணா” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். “மாதாவுக்கு எந்த வீட்டு பூவா இருந்தா என்ன பாப்பா?”

தெருப் பெண்களெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கொடுத்துவைத்த தங்கச்சி, இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒரு ஆன்ட்டி சொன்னாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கவேயில்லை. நான் தட்டில் ரோஸ்மில்க் டம்ளர்களை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தேன். அத்தை மட்டும் வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனார்கள். வருகிற வழியில் பெரியப்பா எல்லோருக்கும் மசால் தோசை வாங்கித் தந்தார். எனக்கு அதற்கு மேல் ஐஸ்கிரீமும். அதற்கப்புறம் ஸ்கூட்டர் எங்கள் கேட்டில் நிற்கவில்லை. அவருக்குக் கல்யாண வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லச் சொல்ல வயிறு எரிகிறது. ஃப்ளாட் முடிகிற வரை என்று பொம்மனஹள்ளியில் வெயில் படாத ஒரு இரண்டாம் மாடிக்குப் போனோம். குடிபோன மறுமாதமே அப்பாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. கட்டி முடிக்க வருஷங்கள் ஆயின. முடிந்தபோது அத்தையின் பங்குக்குப் பின்பக்கம் ஒரு படுக்கையறை வீடு வந்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். தனியாள்தானே, அவளுக்கு எதற்குப் பெரிய வீடு என்றார்கள். அவள் அதை வாடகைக்கு விட்டுவிட்டு எங்களோடேயே இருந்துவிட்டாள். அப்பாவோடு தேவைக்குப் பேசுவாள். பெரியப்பா பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் வருவார். காபி கொடுப்பாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வீட்டைக் காலி செய்த நாள்தான். ஜூன் மழை தொடங்கியிருந்தது. டெம்போ வாசலில் நின்றது. ஆட்கள் ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கிள்ளுவதற்கு ஆள் இல்லாமல் போன செடிகள் அன்றைக்கு மொத்தமாகப் பூத்திருந்தன. பன்னீர், மஞ்சள், சிவப்பு, எல்லாம் ஒரே சமயத்தில். கட்டிலைத் தூக்கி வந்தவர்கள் தொட்டிகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்ட பெரியப்பாவுக்கு இதைக் காட்டாமல் எப்படிப் போவது? அம்மாவின் போனைப் பிடுங்கி அவருக்குப் போட்டேன்.

பூத்துவிட்டது பெரியப்பா, சீக்கிரம் வாங்க என்றேன்.

“எந்த பூ?” என்றார்.

சரியாகக் கேட்கவில்லை போல. ரோஜாப் பூ, நம்ம ரோஜாப் பூ என்று கத்தினேன். அந்தப் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். “என்னம்மா, எந்த பூ?” என்று மறுபடியும் கேட்டார். நான் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய், டவர் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் நின்று, இன்னும் பலமாகக் கத்தினேன். அத்தை பின்னாலேயே வந்து போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அணைத்தாள்.

“கத்தாதடி” என்றாள். “அவருக்கு காது நல்லாதான் கேக்குது.”

நன்றாகக் கேட்கிறவர் ஏன் வரவில்லை என்று யோசித்தபடியே டெம்போவில் ஏறினேன். பொம்மனஹள்ளி போய்ச் சேருகிற வரைக்கும் போனை மடியில் வைத்திருந்தேன், அவர் திருப்பிக் கூப்பிடுவார் என்று.