சஃப்ரீனின் வாப்பாவுக்கு ஒரு நாடு

நான் பார்த்த வெளிநாடு, மும்பை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான். என் கணவர் அல்தாப் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தக் கதவு வரை போய், அவர் பெட்டி உள்ளே உருண்டு மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு, எங்கள் குடியிருப்பான சீத்தா கேம்புக்குத் திரும்பி வருவேன். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் குழந்தைகளுக்கு உலகம் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் ஜுவைரியா. எங்கள் பக்கத்து நர்சரிப் பள்ளி ஒன்றில் சீனியர் கேஜி டீச்சர்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. வேலைக்குச் சேர்ந்தபோது தலைமையாசிரியை ராஜலக்ஷ்மி மேடம், வேறு என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டார். தையல் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "ஃபாரின் விஷயமெல்லாம் ஓரளவு தெரியும் மேடம், எங்க வீட்டுக்காரர் ஓமன்ல இருக்காரு" என்று ஜம்பமாகச் சொல்லிவைத்தேன். மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயில் பிடித்து வருகிற மேடம் எதையும் மறக்கிறவர் இல்லை. போன வருஷம் பள்ளியில் உலக தினம் கொண்டாடுவது என்று முடிவானதும் நேராக என் வகுப்புக்கு வந்துவிட்டார்.

"ஜுவைரியா, இது ஒங்க சப்ஜெக்ட். எந்த நாட்டுல என்ன சாப்பிடுவா, எப்படி இருப்பா, எல்லாம் கொழந்தேளுக்குச் சொல்லிக்குடுத்து மேடை ஏத்திடுங்கோ. பண்ணிடுவேள் இல்லியா?"

"ஆயிரும் மேடம்" என்றேன். முடியாது என்ற சொல் எனக்கு எப்போதும் வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வரும்.

முதலில் ஜப்பான். என் துப்பட்டாவையே கிமோனோ மாதிரி இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, குனிந்து வணக்கம் சொல்லிக் காட்டினேன். குழந்தைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்.

"டீச்சர், ஜப்பான்ல யாரோட வாப்பா இருக்காரு?"

"யாரோட வாப்பாவும் இல்லம்மா."

"அப்ப அது எதுக்கு?"

கிமோனோவை அவிழ்த்துத் துப்பட்டாவாகப் போட்டுக்கொண்டேன். பிரேசிலுக்கும் இதே கதிதான். எங்கள் பிள்ளைகளுக்கு நாடு என்றால் வாப்பா இருக்கிற இடம். அங்கிருந்து போனில் முகம் வரும். வருஷத்துக்கொரு தடவை அட்டைப்பெட்டி வரும். பெட்டியில் கம்பளியும் பால்பவுடரும் கோடாலித் தைலமும் இருக்கும். கோடாலித் தைலம் சவுதியில் விளைகிறது என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டிருந்தது. நான் திருத்தவில்லை. அது எங்கே விளைகிறது என்று எனக்கும் தெரியாது.

ஜப்பானைக் கைவிட்டு, நன்றாகத் தெரிந்த ஓமனுக்கு வந்தேன். அன்றைக்குப் பார்த்து மேடம் வகுப்பைக் கவனிக்க வந்து பின்னால் உட்கார்ந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஓமன்ல எல்லாரும் எதுல தூங்குவாங்க?"

"ரெண்டடுக்குக் கட்டில்ல" என்றது வகுப்பு.

"மேல் கட்டில்ல யாரு?"

"கேரளாக்காரரு."

"வெள்ளிக்கிழமை என்ன செய்வாங்க?"

"துணி தொவைப்பாங்க."

 மேடம் மெதுவாக, "கோட்டை, கடல், ஒட்டகம் இதெல்லாம் அங்கே இல்லியோ?" என்று கேட்டார். இருக்கும் மேடம் என்று அசடு வழிந்தேன். அல்தாப் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். இத்தனை வருஷத்தில் அவர் ஒட்டகம் பார்த்ததாகச் சொன்னதில்லை.

இந்த அவமானத்தைத் துடைக்கத்தான் அந்தப் பெரிய யோசனை பிறந்தது. சுவர் அளவுக்கு ஓர் உலக வரைபடம் ஒட்டினேன். ஆளுக்கொரு வாப்பா போட்டோ கொண்டுவந்து, அவர் இருக்கிற நாட்டில் ஒட்டவேண்டும். வகுப்பே பொங்கி வழிந்தது. குவைத்தில் நெரிசல். துபாயில் இடம் போதாமல் இரண்டு பேர் கடலில் நின்றார்கள். ஆப்பிரிக்கா காலி. வாப்பா மும்பையிலேயே இருக்கிற பிள்ளைகள் மாமாவையும் சாச்சாவையும் கொண்டுவந்து கத்தாரில் ஒட்டிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டார்கள். இந்த மாதிரி வரைபடம் உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருக்காது என்று எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சஃப்ரீன் மட்டும் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாப்பா ஹமீது தாராவியில் ஒரு பட்டறையில் பை தைக்கிறவர். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் குடும்பத்தில் மாமா, சாச்சா என்று ஒருத்தர்கூடக் கடல் தாண்டவில்லை.

"இதை எங்க ஒட்டணும் டீச்சர்?"

இந்தியாவைக் காட்டினேன். அவள் அதை உற்றுப் பார்த்தாள். "இது நம்ம இருக்க எடம். எங்க வாப்பாக்கு நாடு எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டோவை வாங்கி இந்தியா நடுவில் ஒட்டிவிட்டு, இந்தப் பேச்சை மற்ற டீச்சர்களிடம் ஜோக்காகவும் சொல்லிச் சிரித்தேன். அவள் அழுததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் ஹமீது கேட் அருகே நின்றிருந்தார். என்னைவிடச் சின்னவர், கூச்ச சுபாவம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"டீச்சர், எம்புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய? எந்நேரமும் என்னைய வீட்ட விட்டுப் போகச் சொல்லுதா."

"என்ன தம்பி சொல்லுதிய?"

"எல்லார் வாப்பாவுக்கும் நாடு இருக்காம். எனக்கு மட்டும் இல்லையாம். குவைத்துக்குப் போங்க வாப்பா, போயிட்டு போன் பண்ணுங்கன்னு அழுவுதா." பிறகு விஷயத்துக்கு வந்தார். "வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புத ஏஜெண்டு ஒருத்தரு ரொம்ப நாளா கூப்பிடுதாரு டீச்சர். புள்ளைய விட்டுட்டு இருக்க முடியாதுன்னுதான் மாட்டேன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப அவளே போகச் சொல்லுதா. அப்ப போயிரலாமோன்னு தோணுது. திங்கக்கிழம பதில் சொல்லணும்."

உலக தினம் சனிக்கிழமை.

 அல்தாப் இல்லாத வீடு பழகிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். பழகவில்லை. எங்கள் மகன் முதல் அடி எடுத்து வைத்ததை அவர் போனில்தான் பார்த்தார். அதுவும் பாதியில் கட்டாகிவிட்டது. அப்படி ஒரு வாழ்க்கையைச் சுவரில் ஒட்டி, பிள்ளைகளைக் கைதட்டவும் வைத்திருக்கிறேன். இப்போது ஒரு மனுஷன் அந்தச் சுவரைப் பார்த்துப் பெட்டி கட்டப் போகிறார்.

மறுநாள் இந்தியாவும் ஃபாரின்தான் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். "ஜப்பான்ல இருக்க புள்ளைக்கு நம்ம இந்தியா வெளிநாடு, தெரியுமா?" என்றேன்.

"அப்ப அந்தப் புள்ளையோட வாப்பா இந்தியாவுலயா இருக்காரு?"

ஜப்பான் எனக்கு ஆகிவரவே இல்லை. பள்ளி விட்ட பிறகு போட்டோக்களையாவது எடுத்துவிடலாம் என்று வரைபடத்தில் கை வைத்தேன். நான் தாராளமாகப் பூசிய ஃபெவிகால் விடவில்லை. கத்தார் கிழிந்தது. மேற்கொண்டு உலகத்தைச் சேதப்படுத்தாமல் வீட்டுக்குப் போனேன். சஃப்ரீனுக்கு இந்தியா வேஷம் என்று முடிவு செய்து, விடிய விடியக் காகிதத்தில் ஒரு மயில் செய்தேன். அது கோழி மாதிரி வந்தது.

சனிக்கிழமை ஹால் நிறையத் தாய்மார்கள். ஆளுக்கொரு போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு போனிலும் ஒரு வாப்பா. என் போனையும் ஜன்னலோரம் சாய்த்துவைத்து அல்தாப்பைக் கூப்பிட்டிருந்தேன். வேலைக்கு நடுவே ஏதோ ஒரு சுவர் நிழலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக மேடையேறினார்கள். குவைத் பால்பவுடர் டின்னைத் தூக்கிக் காட்டியது. சவுதி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்த்தது. துபாய் பொம்மைக் காரைக் கொண்டுவந்து யாருக்கும் தொடக் கொடுக்கவில்லை. போன்களிலிருந்து வாப்பாக்கள் கைதட்டினார்கள். சிலர் அப்படியே உறைந்து நின்றார்கள், நெட் போய்விட்டது.

இந்தியா மேடையேற மறுத்தது. சஃப்ரீன் என் மயிலைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். அரை நாள் லீவு போட்டு வந்து ஓரமாக நின்றிருந்த ஹமீது ஓடிவந்து, அவளைத் தூக்கி மேடையில் நிறுத்தப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல், பிள்ளையைச் சுமந்தபடி விளக்குக்கு முன்னால் திருதிருவென்று விழித்தார்.

மேடம் சமாளிப்பதற்காக மைக்கை நீட்டினார். "இந்தியாலேர்ந்து நீ என்ன கொண்டுவந்திருக்கே, கண்ணா?"

சஃப்ரீன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். டின், கம்பளி, கார் எல்லாம் வரிசையாக நின்றன. அவள் கையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஹமீதின் நெஞ்சில் தட்டினாள்.

"இத."

ஹால் சிரித்தது. குவைத் சிரிக்கவில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு நேராக ஹமீதிடம் போய் இரண்டு கையையும் தூக்கியது. "என்னையும் தூக்குங்க." பின்னாலேயே சவுதி கம்பளியை உதறிவிட்டு ஓடியது. துபாயும் வரிசையில் சேர்ந்துகொண்டது. ஹமீது ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். சஃப்ரீன் அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, "எங்க வாப்பா. சீக்கிரம் எறங்கு" என்று ஒவ்வொரு நாட்டையும் அதட்டினாள். உயர்த்திப் பிடித்த போன்களில் கைதட்டல் நின்றுபோயிருந்தது. சில தாய்மார்கள் போனை இறக்கிவிட்டார்கள்.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதமான கான்செப்ட், ஜுவைரியா" என்றார். மறுத்திருக்கத்தான் வேண்டும். தேங்க்ஸ் மேடம் என்றேன். என் கான்செப்ட் படியில் மிதிபட்டுக் கிடந்தது.

போகும்போது ஹமீது என்னிடம் வந்தார். சஃப்ரீன் அவர் தோளிலேயே தூங்கிவிட்டிருந்தாள். "ஏஜெண்டுட்ட மாட்டேன்னு சொல்லிருதேன் டீச்சர். இப்பம் போறேன்னு சொன்னா இவ வுட மாட்டா."

ஜன்னலோரப் போனை எடுத்தேன். அல்தாப் இன்னும் லைனில்தான் இருந்தார்.

"கடைசியா ஒருத்தர் எல்லாப் புள்ளையவும் தூக்கினாரே, அது எந்த நாடு?"

"இந்தியாங்க."

 அவர் சிரித்த மாதிரி கேட்டார். "அங்க எனக்கு விசா கெடைக்குமா?"

 "நெட்டு சரியில்லங்க, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.